புலிகள் காப்பகத்துக்குள் சாலை வேலை: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

காட்டுக்குள் போகும் சாலை ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்தால், முதல் வாரம் எஸ்டிமேட் பக்கமே போகாதீர்கள். ஜீப்பை விட்டு இறங்கி முழு நீளமும் நடந்து பாருங்கள். தனியாக வேண்டாம். வனச்சரகரிடம் சொல்லி வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். காலை ஆறரை மணிக்குக் கிளம்பினால் ராத்திரி நடந்ததெல்லாம் மண்ணிலேயே எழுதியிருக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

நான் சாலை வேலையில் இருந்தது 30 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதிக்கு மேல் மலைக்காட்டுச் சாலைகள். ஓய்வு பெற்ற பிறகும் நான் அடிக்கடி போவது சத்தியமங்கலம் பக்கம்தான். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு மேலே ஆசனூர், காரப்பள்ளம், தாளவாடி. அந்தக் காடு 2008இல் சரணாலயம் ஆனது, 2013இல் புலிகள் காப்பகம் ஆனது. பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். மைசூருக்குப் போகும் அந்த வழி இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் முன்பிருந்தே இருக்கிறது. மலை மேல் ஊர்களும் இருக்கின்றன, அங்கிருப்பவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கீழேதான் வர வேண்டும். சாலையை மூடிவிடலாம் என்று பேசுவது எளிது, அது நடக்காது. அதனால் இருக்கிற சாலையை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடக்கும்போது ஒரு நோட்டு கையில் இருக்கட்டும். கிலோமீட்டர் கல்லிலிருந்து எத்தனை மீட்டர், இடதா வலதா, என்ன பார்த்தீர்கள். இந்த மூன்றும் போதும். யானைச் சாணம், கடமான் குளம்பு, செந்நாய் எச்சம், உடைந்த பேரப்பெட் (பள்ளத்துப் பக்கத்து ஓரச்சுவர்), தண்ணீர் அரித்த பெர்ம் (தாருக்கு வெளியே இருக்கும் மண் ஓரம்), அடைத்த கல்வெர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம் அல்லது குழாய்) எல்லாம் ஒரே நோட்டில் வரட்டும். ஏன் சேர்த்து எழுதச் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாளில் விலங்குத் தடமும் சாலைப் பழுதும் ஒரே இடத்தில் விழுவது தெரியும். ஓடை வந்து சாலையைத் தொடும் இடத்தில்தான் உங்கள் கல்வெர்ட் இருக்கும். விலங்கும் அந்த ஓடையைப் பிடித்துத்தான் இறங்கி வரும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஊராளி சமூகத்தைச் சேர்ந்த ஒரு காவலர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு வளைவின் பள்ளத்துப் பக்கம் 40 மீட்டருக்குத் தொடர்ச்சியாகச் சுவர் வைக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இங்க வேண்டாமுங்க சார். இது ஆனை எறங்குற எடம்.”

“சுவர் இல்லைன்னா வண்டி கவிழ்ந்துடுமேங்க.”

“அதுஞ் சரிதானுங்க. ஆனா இங்க அடைச்சீங்கன்னா அது எங்கீங்க எறங்கும்? ரோட்டு மேலயேதான் நடக்கும்.”

என்னைக் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மேட்டுப் பக்கத்து மண் சரிவு ஆட்டுக்கல் குழி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. யானை சரிவில் இறங்கும்போது பின்னங்காலை மடித்து இழுத்துக்கொண்டே இறங்கும், அந்தத் தேய்ப்பு. பக்கத்தில் ஒரு வெக்காலி மரத்தில் என் தலைக்கு மேல் காய்ந்த சேறு. அந்தச் சேற்றில் கம்பி மாதிரி இரண்டு கருப்பு முடி ஒட்டியிருந்தது. நான் அந்த வளைவை அளந்து, படம் போட்டு, மூன்று தடவை பார்த்தவன். அதுவரை இது ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அந்த இடத்தில் 6 மீட்டர் இடைவெளி விட்டோம். இரண்டு பக்கமும் வெள்ளை அடித்த கல் நட்டு, ஒளி திருப்பும் பட்டை ஒட்டினோம். வண்டிக்காரருக்கு ஓரம் தெரிந்தது, யானைக்கு வழி இருந்தது. மலைச்சாலையில் பேரப்பெட்டைத் துண்டு துண்டாக வைப்பது பழைய வழக்கம்தான். இப்போது எங்கே பார்த்தாலும் நீளமாக இரும்புத் தகட்டுத் தடுப்பு வைக்கிறார்கள். ஒரு பக்கம் செங்குத்து மேடு, மறுபக்கம் தகடு என்றால், நடுவில் மாட்டிய மான் வண்டி வெளிச்சத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். தடுப்பு வைக்க வேண்டிய இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் நோட்டைப் பார்த்து, தடம் வரும் இடத்தில் வெட்டி விடுங்கள்.

அகலமும் அனுமதியும்

காப்பகத்துக்குள் இருக்கும் சாலையை அகலப்படுத்தும் ஆசை வேண்டாம். அகலம் கூடினால் வேகம் கூடும், கடக்கும் தூரம் கூடும், மேலே கிளைகள் பிரிந்துபோகும். சட்டமும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஓ பிரிவுப்படி, புலிகள் காப்பக நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் வேண்டும். வன நிலம் என்றால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டமும் (2023இல் பெயர் மாறியது) தனியாக வரும். இருக்கிற அகலத்துக்குள் பழுது பார்ப்பது வேறு விஷயம். அதற்கும் வாய்மொழி அனுமதியை நம்பி இறங்காதீர்கள். எந்த நாள், எத்தனை ஆள், எந்த இயந்திரம் என்று எழுதிக் கொடுத்து, கள இயக்குநர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள். பாதி வேலையில் ஜல்லியைக் கொட்டி வைத்துவிட்டு நின்றுபோகும் சாலைதான் எல்லாவற்றையும் விட மோசம்.

மலைக் கிராமத்துக்கு வழி கேட்கும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு சாலை உட்பட 13 வகை வசதிகளுக்கு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75க்கு மேல் போகக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். தீர்மானம் போடும்போதே எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், எத்தனை மரம் என்று எழுதிவிடுங்கள். “சாலை வசதி வேண்டும்” என்று ஒரு வரியில் போட்டால் அந்தத் தாள் மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெரிய நெடுஞ்சாலையைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு மத்திய இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44இல் விலங்குகள் அடியில் போக 9 கட்டுமானங்கள், அதில் ஒன்று 750 மீட்டர் நீளம். புலிகள் அதற்கு அடியில் போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. நம் மலைப்பாதையில் அப்படிக் கட்ட இடம் இல்லை. ஆனால் ஓடைப் பாலம் கட்டும்போது அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள் இருக்கின்றன, வெள்ளம் வந்து ஊர் துண்டாகிப் போனதுண்டு. இந்த மாதிரி இடத்தில் பாலம் வேண்டும்தான். தண்ணீர் ஓடும் அகலத்துக்கு மட்டும் கண் வைக்காமல், இரண்டு கரையிலும் காய்ந்த நிலம் கொஞ்சம் பாலத்துக்கு அடியில் வருகிற மாதிரி நீளம் வையுங்கள். காட்டெருமை மேலே ஏறாமல் கீழேயே போய்விடும்.

தண்ணீர்

காட்டுச் சாலையைக் கெடுப்பது பாதி பாரமான லாரி, மீதி தண்ணீர். லாரி உங்கள் கையில் இல்லை. தண்ணீர் உங்கள் கையில் இருக்கிறது.

தார்ச் சாலைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 சென்டி சரிவு இருக்க வேண்டும். வருடா வருடம் பேட்ச் போட்டுப் போட்டு அந்தச் சரிவு காணாமல் போயிருக்கும். மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று பாருங்கள். தண்ணீர் சாலை மேலேயே நீளவாக்கில் ஓடினால் சரிவு செத்துவிட்டது என்று அர்த்தம். பெர்ம் மண் சாலையைவிட உயரமாக இருந்தாலும் இதே கதைதான். மண்வெட்டியால் சீவிவிட்டாலே பாதி சரியாகும், அதற்குத் தாரும் வேண்டாம் பணமும் வேண்டாம்.

சைடு டிரெயின் பற்றி ஒரு தப்பைச் சொல்கிறேன், நான் செய்தது. வேறொரு மலைச்சாலையில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு பக்கமும் செங்குத்தாக முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட் வாய்க்கால் கட்டினேன். பார்க்க நூல் பிடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு புள்ளிமான் குட்டி அதற்குள் கிடந்தது. ஏற முடியாமல் சுவரைக் கீறிக் கீறி, முன்னங்கால் குளம்பு இரண்டும் பிளந்திருந்தது. தாய் மேலே நின்ற இடத்தில் புல் மிதிபட்டுக் கிடந்தது. அன்றைக்கே இரண்டு ஆளை வைத்து 20 மீட்டருக்கு ஒரு இடத்தில் சுவரை உடைத்துக் கல் அடுக்கிச் சரிவாக்கினேன். அதற்குப் பிறகு நான் கட்டிய எந்த வாய்க்காலிலும் காட்டுப் பக்கத்துச் சுவர் சாய்வாகத்தான் இருக்கும், கல் பதித்துச் சொரசொரப்பாக. ஆமை ஏற வேண்டும், கீரிப்பிள்ளை ஏற வேண்டும், மான் குட்டி ஏற வேண்டும். அவ்வளவு சாய்வு. மேட்டுப் பக்கம் கல்வெர்ட் முன்னால் தோண்டும் தொட்டிக்கும் இதே விதி.

கல்வெர்ட் குழாய் 60 சென்டியில் போட்டால் அதற்குள் ஆள் நுழைந்து சுத்தம் செய்ய முடியாது, இரண்டு மழையில் அடைத்துக்கொள்ளும். 1 மீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். காய்ந்த காலத்தில் முள்ளம்பன்றியும் புனுகுப் பூனையும் அதன் வழியாகவே மறுபக்கம் போகும். வாய்ப்பக்கம் மண்ணில் கால்தடம் பார்த்தாலே தெரியும். குழாய் முடியும் இடத்தில் தண்ணீர் நேராக ஒரு ஆள் உயரத்துக்கு விழுகிற மாதிரி விட்டுவிட்டால் மண்ணையும் அரிக்கும், விலங்கும் வராது. கல்லைப் படி போல அடுக்கி இறக்குங்கள்.

வாய்க்காலைச் சுத்தம் செய்வது வருடத்துக்கு இரண்டு தடவை. கோடை மழைக்கு முன் ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒன்று. கூடலூர், முதுமலைப் பக்கம் தென்மேற்கு மழை கடுமையாக வரும், அங்கே மே மாதமே முடித்திருக்க வேண்டும். எடுத்த மண்ணையும் சரிந்து விழுந்த பாறையையும் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடுவதுதான் சுலபம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கீழே இருக்கும் மரமெல்லாம் அடிபட்டு, ஓடை மண் மூடிப்போகும். டிராக்டரில் ஏற்றி, வனத்துறை காட்டும் இடத்தில் கொட்டுங்கள். அந்த வாடகையை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

குழியும் வேகத்தடையும்

குழி இருந்தால் வண்டி மெதுவாகப் போகும், காட்டுக்கு நல்லதுதானே என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழியைத் தவிர்க்க வண்டி பெர்மில் இறங்கும், பெர்ம் உடைந்து தார் ஓரம் கடிபடும். கொண்டை ஊசி வளைவில் குழி இருந்தால் லாரிக்கு ஆக்ஸில் போகும். ஒரு லாரி நின்றால் முன்னும் பின்னும் ஐம்பது வண்டி நிற்கும். இருட்டினால் டிரைவர்கள் குளிருக்கும் யானைக்கும் பயந்து நெருப்பு மூட்டுவார்கள். பிப்ரவரி மாதத்தில் அந்த ஒரு நெருப்பு போதும், மலையே எரியும். வேகத்தைக் குறைப்பது வேகத்தடையின் வேலை. அதைக் குழியிடம் விடக் கூடாது.

குழியை அடைக்கும்போது அதன் வடிவத்திலேயே ஜல்லியைக் கொட்டி மிதிக்காதீர்கள். கெட்ட பாகத்தைத் தாண்டி நல்ல தார் வரும்வரை சதுரமாக வெட்டுங்கள், ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். தூசியைத் துடைப்பத்தால் கூட்டி, எமல்ஷன் (தண்ணீரோடு கலந்த தார்) பூசி, ஆழமாக இருந்தால் இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்குங்கள். கலவையை வெளியிலிருந்தே கொண்டு வாருங்கள். காட்டுக்குள் விறகு வைத்துத் தார் காய்ச்சிய காலம் போகட்டும்.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 ஒரு அளவு சொல்கிறது: 10 சென்டி உயரம், 3.7 மீட்டர் நீளம், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு. குறுகலாக, செங்குத்தாக மேடு போட்டால் லாரி சடாரென்று பிரேக் போடும், பாரம் சிதறும். அப்புறம் இடம். விலங்கு கடக்கும் இடத்திலேயே வேகத்தடை வைக்கிறார்கள். அப்படி வைத்தால் வண்டி போய் நிற்பது அதன் வழியிலேயேதான். அதற்கு 80, 100 மீட்டர் முன்னால் இரண்டு பக்கமும் வையுங்கள், நடுப்பகுதி முழுக்க மெதுவாகக் கடக்கும். ஏற்றம் கடுமையான இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பாரம் ஏற்றிய வண்டி இழுக்க முடியாமல் பின்னால் உருளும்.

கரும்பு லாரி ஓடும் வழியாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்பது ஊரறிந்த விஷயம். அது யானையின் குணம் கெட்டுப்போனதால் வந்ததில்லை. சோதனைச்சாவடியில் அளவுக்கு மேல் இருக்கும் கரும்பைப் பிடுங்கி ஓரத்தில் போட்டார்கள், டிரைவர்களும் பாவம் என்று வீசினார்கள், குட்டியோடு வந்த தாய் அதைக் கற்றுக்கொண்டது. லாரி மெதுவாகும் இடம் எது என்பதும் அதற்குத் தெரியும். சோதனைச்சாவடிக்கு முன்னால், காட்டுக்கு வெளியே, உயரத்தடுப்புக் கம்பி வைத்து அதிகப் பாரத்தை அங்கேயே இறக்க வையுங்கள். சாலையில் சிதறும் கரும்பையும் காய்கறியையும் அன்றன்றே பொறுக்கச் சாலைப் பணியாளர் ஒருவரை விடுங்கள். குப்பைத்தொட்டியை நடுக்காட்டில் வைக்காதீர்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் அங்கேயே குடியிருக்கும். சாவடியில், மூடியோடு வைத்தால் போதும்.

ஓரச்செடி

வளைவின் உட்பக்கம் புதர் மண்டினால் எதிரே யானை நிற்பது பத்து மீட்டரில்தான் தெரியும். அதைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஆனால் நேர்ச்சாலை முழுக்க மொட்டையடிப்பது வீண் வேலை. முக்கியமாக உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தழைக்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி, புரட்டிப் போட வேண்டும். ஜனவரியில் செய்தால் அதே வேலை தீத்தடுப்புக்கும் ஆகும். மழை முடிந்த கையோடு வெட்டினால் இளம்புல் துளிர்க்கும், மான்கள் மொத்தமும் சாலையோரம் வந்து மேயும்.

மேலே கிளைகள் கை கோத்திருந்தால் விட்டுவிடுங்கள். மலையணிலும் தேவாங்கும் அதில்தான் போகும். வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் கிளை அறுந்துபோன இடத்தில் சிங்கவால் குரங்குகளுக்காகக் கயிற்றுப் பாலம் மாதிரி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவை அதில் போகின்றன. ஒரு மரத்தைக் காப்பாற்றுவது அதைவிடச் சுலபம்.

பெர்முக்குக் கிராவல் எடுக்கும் இடத்தை நீங்களே போய்ப் பாருங்கள். பார்த்தீனியம் முளைத்த மண்மேட்டிலிருந்து ஒரு லாரி வந்தால், அடுத்த மழையில் கோடு கிழித்தாற்போல் சாலை நெடுக அதே செடி நிற்கும். நான் பார்த்திருக்கிறேன், இன்னும் பிடுங்கி முடியவில்லை.

வேலை நாளில்

காலை எட்டு மணிக்கு மேல் உள்ளே, மாலை ஐந்துக்கு முன் வெளியே. காட்டில் கொட்டகை போட்டு ஆட்களைத் தங்க வைப்பது கூடாது, சமையல் கூடாது. சாப்பாட்டுப் பொட்டலம், எமல்ஷன் டிரம், சிமெண்ட் சாக்கு எல்லாம் வந்த வண்டியிலேயே திரும்பட்டும். கிளம்பும் முன் ஆட்களை எண்ணுங்கள். கல்வெர்ட்டுக்குத் தோண்டிய குழியை ராத்திரி திறந்து விட வேண்டியிருந்தால், ஒரு முனையைச் சரிவாக வெட்டிவிட்டு வாருங்கள். எது விழுந்தாலும் ஏறி வரும்.

ராத்திரி சாலை விலங்குகளுக்கு. பந்திப்பூரில் 2009லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை தடை இருக்கிறது. பண்ணாரி-காரப்பள்ளம் வழியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரியில் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. மலையூர்க்காரர்களுக்கு அதில் இருந்த சிரமம் நியாயமானது, ஆம்புலன்ஸும் உள்ளூர் வண்டியும் தடையில்லாமல் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. நம் பங்குக்கு, காட்டுக்குள் விளக்குக் கம்பம் கேட்காதீர்கள். வெள்ளைக் கோடு, ஓரக்கல்லில் ஒளிப்பட்டை, இதுவே போதும். வெளுத்துப்போன பலகையை மாற்றுங்கள். “யானைகள் கடக்கும் பகுதி” என்று அரை கிலோமீட்டருக்கு ஒன்று வைத்தால் ஒன்றைக்கூட யாரும் படிப்பதில்லை. உங்கள் நோட்டில் இருக்கும் நாலைந்து இடத்தில் மட்டும் வையுங்கள்.

கடைசியாக அந்த நோட்டு. அடிபட்டுச் செத்த விலங்கு எதுவானாலும், ஓணான் உட்பட, தேதியும் இடமும் எழுதுங்கள். சடலத்தை நீங்கள் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் சொல்லத் தாமதிக்காதீர்கள். சாலையில் கிடந்தால் அதைத் தின்ன வரும் கீரியும் கழுகும் அடுத்த வண்டியில் அடிபடும். இரண்டு வருடம் எழுதினால் எந்த 300 மீட்டரில் அதிகம் என்று தானாகத் தெரியும். வேகத்தடையை அங்கே நகர்த்துங்கள், புதரை அங்கே வெட்டுங்கள். மாறுதல் வந்து நீங்கள் கிளம்பும் நாளில் அந்த நோட்டை மேஜை டிராயரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்து வருபவரைக் கூட்டிக்கொண்டு ஒரு காலை அதே சாலையில் நடந்து, யானை இறங்கும் அந்த இடைவெளியை நேரில் காட்டி, அங்கேயே கையில் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த எஸ்டிமேட்டில் அதைச் சுவர் வைத்து அடைத்துவிடுவார்.